பிறைக்குப் பக்கத்தில் இன்னொன்று

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடிக் கடையில் கிடைத்தது. கிடைத்த நேரத்தில் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மக்கா. நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சங்கரன்கோவிலில் சுந்தரராஜ் கடையில் உட்கார்ந்திருந்தேன். மூக்கின் மேல் அந்தக் கனத்த இரும்பு வட்டம். லென்ஸை மாற்றி மாற்றிச் சொருகி, "இப்ப? இப்ப?" என்று கேட்பார்களே, அது. ஒரு கண்ணுக்குக் கறுப்புத் தட்டு போட்டு மூடியிருந்தார். மற்ற கண்ணுக்கு ஏதோ ஒரு லென்ஸைச் சொருகி, அது சரியா என்று கேட்பதற்குள் ஓர் ஆள் உள்ளே வந்துவிட்டார். சுந்தரராஜ் என்னை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் போனார்.

வந்தவர் எனக்கு ஒரு வெள்ளைக் கலங்கல். சுந்தரராஜ் ஒரு நீலக் கலங்கல். ஆனால் காதுக்கு யாரும் லென்ஸ் போடவில்லை. வெள்ளைக் கலங்கல் சொன்ன முதல் வார்த்தை இது:

"நாம ரெண்டு பேரும் பாத்தத நான் யாருகிட்டயும் சொல்லல. நான் மட்டும் பாத்தத ஊருக்கே சொல்லிட்டேன். இப்ப என்னலே செய்ய?"

இப்படி ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா வீட்டுக்குப் போக முடியுமா? நீங்களாக இருந்தால் போவீர்களா?

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: அன்று மாலை மேற்கு மலைக்கு மேலே வானம் பிச்சிப்பூவைக் கொட்டி வைத்தது போல—

(விட்டுவிட்டேன். பூ மார்க்கெட் இருக்கிற ஊர் என்பதற்காக வானத்துக்கும் பூ வைக்க வேண்டுமா?)

இரண்டாவது: மனிதர் எதை உறுதியாக அறிய முடியும் என்ற கேள்வி தொன்றுதொட்டு—

(இதையும் விட்டுவிட்டேன். விஜிதாவிடம்* வாசித்துக் காட்டினேன். "பெரியம்மா, கரண்ட் வேற போய்ட்டு வருது, நீங்களும் இப்படி ஆரம்பிச்சா எப்படி" என்றாள்.)

மூன்றாவது: ஷேக் ஃபரீத் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

இது கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நான்காம் பகுதியில் அவர் ஒரு சிறு பொய் சொல்லப்போகிறார். முதல் வரியிலேயே ஒரு மனிதரை அவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்தால், பிறகு அவர் இறங்கி வர ஏணி வேண்டும். அதனால் இப்படி மாற்றிக்கொண்டேன்: ஷேக் ஃபரீதின் கண்ணை ஊர் நம்பியது.

இது நிற்கும். இதை வைத்துக்கொண்டே போகலாம்.

*விஜிதா என் பக்கத்து வீடு. நைட்டி தைக்கிறாள். என் கதைகளை முதலில் கேட்பவள் அவள்தான். கதை பிடித்தால் தையல் மெஷின் நிற்காது. பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். என்னிடம் உள்ள விமர்சனம் அவ்வளவுதான். அது போதும்.

3

ஷேக் ஃபரீதின் கண்ணை ஊர் நம்பியது. அதற்குக் காரணம் இருந்தது. வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர் அவர். மேலே கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கீழே கப்பலின் வயிற்றுக்குள் ஒரு பெட்டியை விரல் இடைவெளியில் இறக்கியவர். ஊருக்குத் திரும்பி லுங்கிக் கடை போட்ட முதல் வருஷமே அந்தக் கண்ணுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. மேலே இருந்து கீழே பார்த்த கண்ணை, கீழே இருந்து மேலே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நோன்புப் பிறை பார்க்க.

ரமலானுக்கு முந்தின ஷஅபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவருடைய மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஏறும். அதற்குப் பின்னாலேயே இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுந்தரராஜ் ஏறுவார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சுந்தரராஜ் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார். பாதிப் பிரசங்கத்தில் காற்று வாங்க வெளியே வந்துவிடுவார். எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத ஆள். அவர் பிறை பார்க்க வருவது பிறைக்காக அல்ல, சிநேகிதனைக் கிண்டல் பண்ண.

இந்த வருஷம் ஃபரீதின் மனைவி ரசீதா கீழே இருந்தே குரல் கொடுத்தாள்: "ஏங்க, கண்ணாடிய எடுத்தீங்களா? டீவி மேல இருக்கு."

எடுத்திருந்தார். டீவி மேல் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டுதான் ஏறினார்.

சூரியன் சிவகிரி மலைக்குப் பின்னால் இறங்கியது. பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தெற்கே காற்றாலைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்கைச் சிமிட்டத் தொடங்கின. ஃபரீத் நாற்காலியை விட்டு எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு வானம் கழுவி வச்ச மாதிரில்லா இருக்கு" என்றார்.

"எனக்கு எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார் சுந்தரராஜ்.

(இந்த இரண்டு வரியையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. பின்னால் வேண்டியிருக்கும். கதை எழுதுகிறவள் இப்படிக் காட்டிக்கொடுக்கக் கூடாதுதான். உங்களிடம் ஒளித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?)

மலைக்கு மேலே, ஒரு விரற்கடை உயரத்தில், ஃபரீத் பிறையைப் பார்த்தார். நகத்துணுக்கு மாதிரி. கிண்ணம் போலப் படுத்து, கொம்பு இரண்டும் மேலே பார்த்து. அவருடைய உடம்பு முழுதும் ஒருமுறை சிலிர்த்தது. எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்தச் சிலிர்ப்புக்கு வயதாகவில்லை.

"அந்தா, பாரு."

"எங்க?"

"அந்தத் தண்ணி டேங்குக்கு நேர் மேல. நல்லாப் பாரு வே."

சுந்தரராஜ் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. "டேங்கு தெரியுது" என்றார்.

அந்த நேரத்தில்தான் அது வந்தது. வந்தது என்று சொல்வதே தவறு. வருவதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது அது அங்கே நின்றுகொண்டிருந்தது. பிறை இருந்த இடத்துக்குச் சற்று இடது பக்கம், சற்றுக் கீழே. பழுத்த எலுமிச்சை நிறம். சிமிட்டவில்லை. சத்தமில்லை.

"இது தெரியுதா?" என்றார் ஃபரீத். குரல் மாறியிருந்தது.

"தெரியுது" என்றார் சுந்தரராஜ். அவர் குரலும் மாறியிருந்தது.

அது நகர்ந்தது. வடக்குப் பார்த்து, டவுன் பஸ் போகிற வேகத்தில், மலையின் விளிம்பை ஒட்டியே போனது. நின்றது. பிறகு செங்குத்தாக மேலே ஏறி, ஒரு வீட்டுக் கதவைச் சாத்தினால் வெளிச்சம் நின்றுபோகுமே, அதுபோல நின்றுபோனது.

இரண்டு பேரும் மறுபடி டேங்குக்கு மேலே பார்த்தார்கள். பிறை? அதற்குள் மலை விழுங்கிவிட்டது.

4

பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும், தொழ வைத்த ஹஜ்ரத், ஃபரீதைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஜமாஅத்துப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பிறை பார்த்தேன் என்று ஒருவர் வந்து சொன்னால், சும்மா சரி என்று சொல்லிவிட மாட்டார்கள். கேட்பதற்கு முறை இருக்கிறது.

"எந்தப் பக்கம் பாத்தீங்க, பாய்?"

"மேற்கே. சூரியன் இறங்குன இடத்துக்குக் கொஞ்சம் மேல."

"கொம்பு?"

"ரெண்டும் மேல பாத்து. கிண்ணம் மாதிரி."

"கூட யாரும் பாத்தாங்களா?"

"சுந்தரராஜ் இருந்தான். அவனுக்கு அகப்படல."

யாரோ சிரித்தார்கள். "அவருக்கு அகப்பட்டாத்தான் ஆச்சரியம்."

ஹஜ்ரத்தும் சிரித்துவிட்டுக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான், மேகத்தையோ விமானத்தின் புகைக்கோட்டையோ பிறை என்று மயங்கிவிடக் கூடாது என்பதற்காக.

"வானத்துல வேற ஏதும் பாத்தீங்களா?"

இங்கே நான் ஃபரீதின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். என்னால் முடிந்த அளவு பக்கத்தில். அவர் என்ன நினைத்திருப்பார்? எலுமிச்சை நிறத்தில் ஒன்று நின்றது, பஸ் மாதிரிப் போனது, கதவு சாத்தினது மாதிரி மறைந்தது என்று சொன்னால் இத்தனை முகமும் என்ன ஆகும்? 'பாய்க்குக் கண்ணு போச்சு' என்று ஆகும். வெளிச்சம் போனால் போகட்டும். அதோடு சேர்த்துப் பிறையும் போய்விடுமே. கண்ணால் பார்த்த பிறை. அதைத் தானே கொன்றதாக ஆகாதா?

"ஒண்ணுமில்ல, ஹஜ்ரத்" என்றார்.

அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். ரமலானைத் தொடங்கி வைக்க நேர்மையான ஒரு சாட்சி போதும் என்று அந்த ஜமாஅத்தில் வழக்கம். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தெருவில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சுற்று ஊர்களில் எங்கும் பிறை தெரியவில்லை. அவர்களுக்கு நாளை மறுநாள்தான் நோன்பு. இந்த ஒரு ஜமாஅத்துக்கு மட்டும் நாளைக்கே. ஒரு மனிதருடைய கண்ணின் பேரில்.

வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், சுந்தரராஜ் பைக்கில் சாய்ந்து நின்றார்.

"சொன்னியா?"

"பிறையச் சொன்னேன்."

"அத?"

ஃபரீத் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

(இஸ்லாமியச் சட்டம் எனக்குத் தெரியாது. ரசீதா எனக்குப் பழக்கம், அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பிறை தெரிந்ததா இல்லையா என்று நிச்சயமில்லாத அந்த முப்பதாம் நாளுக்குச் சந்தேக நாள் என்றே பெயராம். அந்த நாளில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று நோன்பு பிடிக்கக் கூடாதாம். எவ்வளவு அழகு. சந்தேகத்துக்கென்று ஒரு நாளை ஒதுக்கி, அன்றைக்குப் பசியாறச் சொல்லிவிட்டார்கள்.)

5

மறுநாள் காலை சுபுஹு தொழுதுவிட்டு ரசீதா குர்ஆன் ஓத உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டினாள். மறுபடியும் ஊர்ந்தது.

"ஏங்க. இது உங்க கண்ணாடில்லா?"

இதற்கு முழுப் பொறுப்பு சுந்தரராஜ். போன வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கண்ணாடி போட வந்தபோது, இரண்டு பேருக்கும் ஒரே ஃபிரேமைத் தலையில் கட்டியவர் அவர்தான். "ஜோடியா இருக்கட்டும், அழகாத்தான இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். ஒரே நிறம், ஒரே காதுக்கம்பி, உள்ளே பவர் மட்டும் வேறு. ஒரு வருஷமாக இரண்டும் தனித்தனி இடத்தில் இருந்தன. அவருடையது டீவி மேல், இவளுடையது ஜன்னலில். நேற்றுச் சாயங்காலம் வீடு கூட்டிய அவசரத்தில் ரசீதாதான் இடம் மாற்றி வைத்தாள்.

ஃபரீத் தன் முகத்தில் இருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். நேற்று வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது ஞாபகத்துக்கு வந்தது.

"ரசீதா, நான் உன் கண்ணாடியப் போட்டுக்கிட்டா மாடிக்குப் போனேன்?"

"ஆமா போல. அதுக்கென்ன இப்ப?"

"ஊரே நோன்பு வச்சிருக்கு, ஏட்டி."

ரசீதா இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலைத் துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று அவர் நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

6

இப்போது கடை. நான் இருந்த இடம். இங்கே என் சாட்சியம் உறுதியானது. காதளவில்.

"டீ சொல்லவா?" என்றது நீலக் கலங்கல். "ஏ, மறந்துட்டேன், உனக்கு நோன்புல்லா. உனக்கென்ன, ஊருக்கே. எல்லாரையும் பட்டினி போட்டுட்டு இங்கன வந்து நிக்க."

"வெளையாடாத லே. இந்தக் கண்ணாடில பிறை தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

கண்ணாடியை வாங்கும் சத்தம். டிராயரைத் திறக்கும் சத்தம். பிறகு சுந்தரராஜ் நிதானமாகப் பேசினார்.

"போன வருஷம் பாத்த கணக்குக்கு இது உனக்குச் சேராது. ஆனா உனக்குப் புரை முத்திக்கிட்டு வருதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். புரை முத்தும்போது பவர் மாறும். ஒருவேளை இன்னிக்கு உன் கண்ணுக்கு உன் கண்ணாடிய விட உன் பொண்டாட்டி கண்ணாடிதான் சரியா இருக்கோ என்னமோ."

"அப்ப டெஸ்ட் பண்ணு."

"எதுல பண்ண? அந்த இரும்பு அந்த அக்கா மூக்குல இருக்கு."

இரண்டு கலங்கலும் என் பக்கம் திரும்பின. நான் லென்ஸுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்திருந்தேன். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

"சரி, டெஸ்ட் பண்ணுதேன்னே வையி. இன்னிக்கு உன் கண்ணு என்ன பாக்குதுன்னு சொல்லுவேன். நேத்து சாயங்காலம் என்ன பாத்துச்சுன்னு எந்த லென்ஸு சொல்லும்?"

டிராயரை மூடும் சத்தம்.

"நான் ஒண்ணு கேக்கேன்" என்றார் சுந்தரராஜ். "பிறையப் பாக்கணும்னு ஆசைப்பட்டுத்தான மாடிக்குப் போன?"

"ஆமா."

"அது எங்க வரும்னு உனக்கு முன்னாலயே தெரியும்."

"தெரியும்."

"அந்த வெளிச்சத்தப் பாக்கணும்னு நாம யாரும் ஆசைப்படல. அது வரும்னும் தெரியாது. ஒரு கண்ணாடில இல்ல, ரெண்டு கண்ணாடில தெரிஞ்சிருக்கு. ஒரு ஆளுக்கு இல்ல, ரெண்டு ஆளுக்கு. அதுல ஒருத்தன் எதையும் நம்பாத பய. எது வே நம்பத் தகுந்தது? பிறையா, வெளிச்சமா?"

"நீ என்ன சொல்லுத? நான் பிறை பாக்கலங்கியா?"

"பாக்கலன்னு சொல்லல. நீ பாத்தன்னும் எனக்குச் சொல்லத் தெரியல. நீயும் நானும் பாத்தத மறைச்சிட்டு, நீ மட்டும் பாத்தத வச்சு ஊர எழுப்பிட்ட. அதான் உன்னக் குடையுது. கண்ணாடி இல்ல."

வெள்ளைக் கலங்கல் உட்கார்ந்தது. நாற்காலி முனகியது. ஃபரீத் சொன்னார்:

"வேற ஏதும் பாத்தீங்களான்னு ஹஜ்ரத் கேட்டாரு. ஒண்ணுமில்லன்னுட்டேன். சாட்சின்னு உக்காந்துட்டு அப்படிச் சொல்லிட்டேன், சுந்தரம். இனிமே அங்க போயி கண்ணாடி மாறிப்போச்சு, அதோட இன்னொண்ணும் பாத்தேன்னு சொன்னா, அடுத்த வருஷம் எவன் என் மாடிப்படி ஏறி வந்து கேப்பான்? சொல்லலன்னா, எவன் வந்து கேட்டாலும் நான் என்ன மொகத்த வச்சுச் சொல்லுவேன்?"

விஜிதாவிடம் இதை வாசித்தபோது மெஷின் நிற்கவில்லை. ஆனால் மெதுவாகப் போனது.

7

"அந்த வெளிச்சம் என்னன்னு சொல்லிருங்க, பெரியம்மா" என்றாள் விஜிதா. "இல்லன்னா எனக்கு இங்கன தையல் கோணும்."

நானும் ஆசைப்பட்டேன், மக்கா. விசாரித்தேன். வெள்ளிக் கிரகமாக இருக்கும் என்றார்கள். வெள்ளி பஸ் மாதிரிப் போகாது. காற்றாலை விளக்கு என்றால் அது சிவப்பு, சிமிட்டும், அந்தத் திசையிலும் இல்லை. செயற்கைக்கோள் போகும், ஆனால் நின்று யோசிக்காது. ராயகிரிப் பக்கம் கல்யாணத்தில் டிரோன் விட்டிருப்பார்கள் என்றாள் விஜிதாவே. இருக்கலாம். அவ்வளவு தூரத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரியுமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே நின்றுவிட்டேன். அவ்வளவு தூரம் என்று யார் சொன்னது? பக்கத்தில் உள்ள சின்னதும் தூரத்தில் உள்ள பெரியதும் வானத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு புளியமரம்கூடக் கிடையாது. மலைக்கு மேலே நின்றது என்கிறோம். மலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, அடுத்த தெருவிலா?

இப்படி ஒவ்வொரு விளக்கத்தையும் தட்டிவிட்டதும் மனசு ஒரு குதி குதிக்கிறது. அப்படியென்றால் வேறு உலகத்திலிருந்து வந்ததுதான் என்கிறது. மெதுவாகப் போ மனசே என்று பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு விளக்கம் கிடைக்காததனால் விளக்கமே இல்லை என்று ஆகாது. விளக்கம் எங்கேயோ இருக்கும் என்பதனால் அவர்கள் ஒன்றையும் பார்க்கவில்லை என்றும் ஆகாது. தெரியாது என்றால் தெரியாது, அவ்வளவே. அந்த வார்த்தையை ஏன் எல்லோரும் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி உடனே கீழே வைத்துவிடப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருக்கலாமே. அது சுடுவதில்லை.

பிறையை நம்ப நமக்கு ஒரு வழி இருக்கிறது. எங்கே பார்த்தாய், கொம்பு எந்தப் பக்கம் என்று கேட்க ஆள் இருக்கிறது. கேட்பவரும் சொல்பவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு அப்படி ஒரு பாய் இல்லை. அதைப் பார்த்தவர் எங்கே போய் உட்காருவார்? சிரிப்பவர்களிடம் போகலாம், அல்லது சொல்வதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் நம்பிவிடுகிறவர்களிடம் போகலாம். இந்த இரண்டு கூட்டமுமே கொம்பு எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை.

ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள் என்று ஒரே உடம்பில் நிறுத்திக் கும்பிடுகிற ஊரில் வளர்ந்தவள் நான். இதுவா அதுவா என்று யாராவது கேட்டால் என் வாயில் "ஆமாம்" என்றுதான் வருகிறது. இது குறைதான். திருத்திக்கொள்ளும் வயசு போய்விட்டது.

8

முடிவுகள்.

ஒன்று. ஃபரீத் நேராகப் பள்ளிவாசலுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அடுத்த வருஷம் யாரும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. இரண்டு நாற்காலிகள் மட்டும் மாடிக்குப் போகின்றன—

(விஜிதா மூக்கை உறிஞ்சினாள். அவளை இவ்வளவு சீக்கிரம் அழ வைக்கிற முடிவை நான் நம்புவதில்லை.)

இரண்டு. குருவிகுளத்தில் ஒரு பையன் அதே வெளிச்சத்தைப் போனில் பிடித்திருக்கிறான்—

(கிழித்துப் போட்டேன். போனும் ஒரு கண்ணாடிதான். அது யாருடைய பவர்?)

மூன்று. வானமே தீர்ப்புச் சொல்லட்டும்.

இதைத்தான் நான் பெரிதும் நம்பியிருந்தேன். கணக்கு எளிது. மாதம் இருபத்தொன்பது நாளாக இருக்கும், அல்லது முப்பது. ஃபரீதின் ஊர் இருபத்தொன்பது நோன்பு முடித்த மாலை பிறை தெரிந்தால், அவர் பார்த்தது சரி. முப்பது முடித்த பிறகும் தெரியாவிட்டால், தவறு. கதைக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு மாசம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

முப்பதாம் நோன்பு மாலை பிறை வந்தது. யாரும் தேடவே வேண்டாம், அவ்வளவு தெளிவு. நானே என் மாடியிலிருந்து பார்த்தேன். இந்த ஊருக்கு முப்பது, பக்கத்து ஊருக்கு இருபத்தொன்பது. இரண்டும் மாதம்தான். எல்லோரும் ஒரே நாளில் பெருநாள் கொண்டாடினார்கள். வானத்திடம் நான் கேட்ட கேள்விக்கு வானம் பதில் சொல்லவே இல்லை.

பெருநாளன்று ரசீதா வீட்டுக்குப் போனேன். பிரியாணியோடு உட்கார வைத்தாள். ஃபரீத் உள்ளே யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஹஜ்ரத்திடம் போனாரா, சொன்னாரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. 'சொன்னீர்களா' என்று ஒருவரிடம் கேட்பது, 'சொல்லியிருக்க வேண்டும்' என்று சொல்வதுதான். அதைச் சொல்ல நான் யார்? வேறு மாதிரி கேட்டேன்.

"நேத்து பிறை பாக்க மாடிக்குப் போனாரா?"

"ரெண்டு பேரும் போனோம்க்கா. என்னையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ட்டாரு. ரெண்டு கண்ணாடியையும் கையில வச்சுக்கிட்டு, இது உன்னுது, இது என்னுதுன்னு வெளிச்சத்துல காட்டிக் காட்டி மாட்டிவிட்டாரு. சுந்தரம் அண்ணன் நின்னு சிரிக்காரு."

"வேற ஏதும் பாத்தீங்களா?"

ரசீதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் எவ்வளவு கேட்டிருக்கிறேன், எங்கே உட்கார்ந்து கேட்டேன் என்பதெல்லாம் அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தாள்.

9

அதனால் உங்களை மறுபடியும் கடைக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

ஃபரீத் எழுந்தார். கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார். எதைப் போட்டார், எதை மாட்டினார் என்று எனக்குத் தெரியாது.

"நீ போயிச் சொல்லுததா இருந்தா நானும் வாரேன்" என்றார் சுந்தரராஜ்.

"நீ எதுக்கு?"

"சாட்சிக்கு."

"உன் சாட்சி அங்க எடுபடாது வே."

"பிறைக்குத்தான எடுபடாது? வெளிச்சத்துக்கு யாரு சாட்சி சொல்லலாம், யாரு சொல்லக் கூடாதுன்னு எந்தக் கிதாபுலயாவது எழுதியிருக்கா?"

ஃபரீத் சிரித்தார். அந்த நாளில் முதல்தடவை.

"எதையும் நம்பாத பய, இதுக்கு மட்டும் வாரியோ?"

"நம்பச் சொன்னா வர மாட்டேன். பாத்தத சொல்லச் சொன்னா வாரேன்."

செருப்பு மாட்டும் சத்தம். கடைக் கதவின் மணி. "அக்கா, ஒரு நிமிஷம், அப்படியே இருங்க" என்றார் சுந்தரராஜ். வெள்ளையும் நீலமும் வெயிலில் இறங்கின. தெருமுனை வரை போவது என் ஒற்றைக் கண்ணுக்குத் தெரிந்தது. முனையில் இடது பக்கம் திரும்பினால் பள்ளிவாசல். வலது பக்கம் திரும்பினால் ஃபரீதின் வீடு. முனைக்குப் போனதும் இரண்டு நிறமும் ஒன்றாகக் கலந்து ஒரே உருவமாக ஆயின. பிறகு அதுவும் இல்லை.

நான் அந்த இரும்பைக் கழற்றிவிட்டு எழுந்து ஓடிப் பார்த்திருக்கலாம். அப்படியே இருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தேன்.

நீங்கள் வாசலில்தான் நின்றீர்கள், மக்கா. உங்களை இவ்வளவு தூரம் கூட்டி வந்தது அதற்காகத்தான். அவர்கள் எந்தப் பக்கம் திரும்பினார்கள்? நீங்கள் சொல்வதை நான் எழுதிக்கொள்கிறேன். கொம்பு எந்தப் பக்கம் என்று மட்டும் ஒருமுறை கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவசரமில்லை. சொல்வதற்கு முன்னால் உங்கள் கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உங்களுடையதுதானா?